யார் செய்த பாவம்? – 1755 லிஸ்பன் நிலநடுக்கமும் மாறிய சிந்தனையும்



போர்த்துகல் என்றவுடன் நம் நாட்டு மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது 1511ஆம் ஆண்டும் மலாக்காவும்தான். அல்போன்சோ டி அல்புகர்க் கப்பல்களோடு வந்து மலாக்காவைப் பிடித்தார், கோட்டை கட்டினார், 1641இல் டச்சுக்காரர்கள் வந்து அதைப் பறித்துக்கொண்டனர். நாம் கற்பிக்கும் போர்த்துகீசியர் கதை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். அவர்கள் புறப்பட்டு வந்த தலைநகராகிய லிஸ்பனுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆனால், கடவுளைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் மனித இயல்பைப் பற்றியும் இன்றைய உலகம் எண்ணுகின்ற முறை உருவானதில் அந்நகருக்கு நேர்ந்த ஒரு பேரிடருக்குப் பங்கு உண்டு. தத்துவ நூல்களில் இது பல பெயர்களுக்கு இடையே மறைந்து கிடக்கும் செய்தி. பிள்ளைகளை வளர்ப்பவர்களும் அவர்களுக்குக் கற்பிப்பவர்களும் அறிந்திருந்தால் நல்லது என்று தோன்றியதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு அது அனைத்துப் புனிதர் திருநாள். லிஸ்பன் மக்கள் காலை வழிபாட்டிற்காகத் தேவாலயங்களில் நிறைந்திருந்தனர். பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ 9.40 மணிக்கு நிலம் அதிர்ந்தது. சில நிமிடங்களுக்குள் கல்லால் எழுப்பப்பட்ட தேவாலயங்களின் கூரைகள் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களின் தலைமீதே இடிந்து விழுந்தன. தப்பியவர்கள் திறந்த வெளியைத் தேடித் தேஜோ ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே நீர் உள்வாங்கித் தரை தெரிந்தது. சிறிது நேரத்தில் கடல் பேரலையாகத் திரும்பி வந்து அவர்களை வாரிச் சென்றது. சரிந்த மெழுகுவத்திகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் பற்றிய தீ, பல நாள் அணையாமல் எரிந்தது. அரண்மனையும், எழுபதாயிரம் நூல்கள் இருந்த அரச நூலகமும், திறந்து ஏழு மாதமே ஆகியிருந்த இசைநாடக அரங்கும், அனைத்துப் புனிதர் பெயரிலேயே விளங்கிய பெரிய மருத்துவமனையும் அழிந்தன. இறந்தவர் எண்ணிக்கையில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. பத்தாயிரம் என்பாரும் அறுபதாயிரம் என்பாரும் உண்டு. முப்பது நாற்பதாயிரம் என்பது பலர் கூறும் கணக்கு.

உயிர்ச்சேதம் ஒருபுறம் இருக்க, அன்றைய ஐரோப்பியரை உலுக்கியது வேறொன்று. ஏன் அந்த நாள்? ஏன் அந்த நேரம்? ஏன் அந்த ஊர்? லிஸ்பன் பக்தியில் குறைந்த நகரம் அன்று. துறவு மடங்களும் தேவாலயங்களும் மலிந்த நகரம்; சமயத்திற்கு மாறுபட்டவர்களை விசாரித்துத் தண்டிக்கும் சமய நீதிமன்றம் அங்கே அதிகாரத்தோடு இருந்தது. அந்நீதிமன்றத்தின் மாளிகையும் இடிந்தது. விலைமகளிர் வாழ்ந்த அல்ஃபாமா பகுதித் தெருக்கள் அவ்வளவாகச் சேதமடையவில்லை என்றும் பேசப்பட்டது.

பழக்கமான விடைகள் உடனே வந்தன. பாவத்திற்குத் தண்டனை என்றனர் போர்த்துகல் பாதிரியார்கள் பலர். அவர்களுள் காப்ரியேல் மலக்ரிடா என்ற இயேசு சபைத் துறவி 1756இல் ஒரு சிறுநூலே வெளியிட்டார். நிலநடுக்கத்திற்கு இயற்கைக் காரணம் கற்பிப்பது தவறு. நகரத்தின் பாவமே காரணம். எனவே வீடு கட்டுவதைவிடத் தவமும் மன்றாட்டுமே முதன்மை என்பது அவர் வாதம். இங்கிலாந்தில், நம் நாட்டு மெதடிஸ்ட் பள்ளிகளின் பெயரால் நாம் அறிந்த இயக்கத்திற்கு வித்திட்ட ஜான் வெஸ்லியும் தண்டனை என்றே எழுதினார். ஆனால் அவர் கண்ட பாவம் வேறு. சமய நீதிமன்றம் சிந்திய இரத்தத்தை அவர் சுட்டிக்காட்டினார். ஒரே நிலநடுக்கம், ஒவ்வொருவருக்கும் எதிர்த்தரப்பாரின் பாவமே அதில் தெரிந்தது. தண்டனைக் கொள்கையின் பலவீனம் இதிலேயே வெளிப்பட்டுவிட்டது என்பது என் கருத்து.

படித்தவர்களிடம் இன்னொரு விடை இருந்தது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1710இல் வெளியிட்ட நூலில், எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல, நல்லவராகிய கடவுள் படைத்த உலகம் இது. ஆகவே இருக்கக்கூடிய உலகங்களுள் இதுவே சிறந்ததாக இருக்க வேண்டும் என்று வாதிட்டிருந்தார். நமக்குத் தீமையாகத் தெரிவது முழுமையைக் காண முடியாத நம் பார்வையின் குறுக்கம். சேலையின் பின்புறத்தை மட்டும் பார்ப்பவனுக்கு நூல் முடிச்சுகளே தெரியும். முன்புறத்தின் பூ வேலைப்பாடு தெரியாது. இந்த உவமை நான் சொல்வது. ஆனால் கருத்து ஏறத்தாழ இதுதான். லைப்னிட்ஸை எளிதாக எள்ளி நகையாடிவிடுகிறார்கள். அவர் துன்பமே இல்லை என்று சொன்னவர் அல்லர். நன்மையே வடிவான கடவுளையும் துன்பம் நிறைந்த உலகையும் ஒருசேர ஏற்க வழி தேடியவர். அந்த வழி அரை நூற்றாண்டு காலம் பலருக்கு ஆறுதலாக இருந்தது.

லிஸ்பன் செய்தி எட்டிய சில வாரங்களுக்குள் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் நீண்டதொரு கவிதை எழுதினார். 1756இல் அது அச்சாயிற்று. லிஸ்பன் பாவம் செய்தது என்றால், களியாட்டத்தில் மூழ்கிய லண்டனும் பாரிஸும் ஏன் தப்பின என்று அதில் கேட்டார். தாயின் மார்போடு நசுங்கிய பால்குடிப் பிள்ளை செய்த குற்றம் எது என்றும் கேட்டார். இடிபாடுகளுக்கு அடியில் முனகிக்கொண்டிருப்பவனிடம் போய், ‘மொத்தத்தில் பார்த்தால் எல்லாம் நன்மைக்கே’ என்று சொல்வது அவனை அவமதிப்பதாகும் என்பது அவர் சினம். 1759இல் வெளிவந்த ‘கான்டீட்’ என்ற கதையில் அதே கருத்தை நையாண்டியாக மாற்றி, லைப்னிட்ஸின் சீடனைப் போன்ற ஓர் ஆசிரியரை லிஸ்பன் நிலநடுக்கத்திற்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினார். (அந்தக் கதையில் கேலிக்கு ஆளாகிறவர் ஓர் ஆசிரியர் என்பது நமக்குச் சற்று உறுத்தும்தான்!)

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். வால்டேர் நாத்திகர் அல்லர். உலகைப் படைத்து அதற்கு விதிகளை அமைத்த ஓர் அறிவு உண்டு என்று கடைசிவரை எழுதியவர். அவர் கைவிட்டது, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் தலையிட்டு நல்லார்க்குப் பரிசும் தீயார்க்குத் தண்டனையும் அவ்வப்போது அளந்து தருகின்ற கடவுளை. இன்று நம்மில் பலர், கோயிலுக்கும் போய்க்கொண்டு, வானிலை அறிக்கையையும் கேட்டுக்கொண்டு, இரண்டுக்கும் முரண்பாடு காணாமல் வாழ்கிறோம். அந்த மனநிலை ஐரோப்பாவில் பரவலானதற்கு இத்தகைய விவாதங்கள் ஒரு காரணம்.

இதைப் பழங்கதை என்று நான் ஒதுக்காமைக்கு ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் பினாங்கையும் கோலா மூடாவையும் தாக்கியது. மலேசியாவில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் தமிழகத்திலும் இறந்தவர்கள் எத்தனையோ மடங்கு. 2005 ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரம், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நிலத்தட்டுகளைப் பற்றிக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினேன். ஒரு மாணவன் எழுந்து, “அது எப்படி வந்துச்சுன்னு புரியுது சார். அந்தச் சின்னப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?” என்று கேட்டான். முற்பிறவியில் செய்தது என்று அவனுடைய பாட்டி சொன்னாராம். ‘எப்படி’ என்ற கேள்விக்கும் ‘ஏன்’ என்ற கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து பதினோரு வயதுப் பிள்ளை பிரித்துக் காட்டிவிட்டான். “அவர்கள் எந்தப் பாவமும் செய்யவில்லை, ஐயா” என்று அவனிடம் சொன்னேன். இன்றும் அதையே சொல்வேன்.

1755இலும் அப்படி ஒரு சிறுவன் இருந்தான். ஃபிராங்க்ஃபர்ட் நகரில் வாழ்ந்த அவனுக்கு அப்போது ஆறு வயது. பிற்காலத்தில் ஜெர்மன் மொழியின் மாபெரும் கவிஞனான கோத்தேதான் அவன். 1811இல் வெளிவரத் தொடங்கிய தன்வரலாற்றில், லிஸ்பன் செய்தி தன் பிள்ளை மனத்தை எவ்வாறு கலக்கியது என்பதை அவர் எழுதியிருக்கிறார். கடவுள் தந்தையைப் போன்றவர் என்று கற்பிக்கப்பட்டிருந்த சிறுவனுக்கு, நல்லவரையும் தீயவரையும் ஒன்றாக அழித்த அந்தச் செயலில் தந்தையின் அன்பைக் காண முடியவில்லை. கற்றறிந்த பெரியவர்களே இதற்கு விளக்கம் சொல்வதில் ஒத்துப்போகாததால் தன் கலக்கம் தீரவில்லை என்பதையும் குறிப்பிடுகிறார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அவர் அதை மறக்கவில்லை.

மீண்டும் 1756க்கு வருவோம். வால்டேரின் கவிதையைப் படித்த ரூசோ, அவ்வாண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் அவருக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். ரூசோ கடவுளின் பக்கம் நின்று பேசுகிறார். ஆனால் பாதிரியார்கள் பேசியதைப் போல அன்று. ஆறு ஏழு மாடி உயரத்தில் இருபதாயிரம் வீடுகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையா, மனிதனா? மக்கள் பரவி, எளிய வீடுகளில் வாழ்ந்திருந்தால் இத்தனை பேர் இறந்திருப்பார்களா? முதல் அதிர்ச்சிக்குப் பின் ஓடித் தப்பாமல், துணிமணிக்காகவும் பத்திரங்களுக்காகவும் பணத்திற்காகவும் வீட்டுக்குள் திரும்பிச் சென்று மாண்டவர்கள் எத்தனை பேர்? இவை அவர் எழுப்பிய வினாக்கள்.

இந்த மடலை நான் முதன்முறை படித்தபோது, இறந்தவர்கள் மேலேயே பழி போடுகிறாரே என்றுதான் தோன்றியது. மறுமுறை படிக்கையில் வேறொன்று புலப்பட்டது. துன்பத்திற்குக் காரணம் கேட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களை அவர் தெருவுக்குத் திருப்பியிருக்கிறார். வீட்டின் உயரம், தெருவின் அகலம், மக்கள் நெருக்கம், உடைமை மேல் பற்று ஆகியவை எல்லாம் மனிதர் அமைத்தவை, மனிதரால் மாற்றக்கூடியவை. நிலநடுக்கம் இயற்கையானது, பேரழிவு சமுதாயம் செய்துகொண்டது என்று இன்றைய பேரிடர் ஆய்வாளர்கள் கூறுவதற்கு இம்மடலையே தொடக்கமாகக் காட்டுவோர் உண்டு. கடவுளைக் குற்றம் சாட்டிய வால்டேரும், கடவுளுக்காக வாதாடிய ரூசோவும், ‘இது பாவத்தின் தண்டனை’ என்ற பழைய விடையை விலக்குவதில் மட்டும் ஒன்றுபட்டனர்.

கிழக்கே, கோனிக்ஸ்பர்க் நகரில் 31 வயது இளைஞரான இம்மானுவேல் காண்ட் அதே 1756இல் நிலநடுக்கத்தைப் பற்றி மூன்று கட்டுரைகள் வெளியிட்டார். பூமிக்கடியில் உள்ள குகைகளில் எரியும் ஆவிகளே காரணம் என்றும், அதிர்வு ஆற்றின் போக்கில் செல்வதால் அத்திசையில் நகரை நீட்டிக் கட்டக்கூடாது என்றும் எழுதினார். அவர் தந்த அறிவியல் விளக்கம் தவறு. நிலத்தட்டுகளின் அசைவை உலகம் அறிந்துகொள்ள இன்னும் இருநூறு ஆண்டு ஆக வேண்டியிருந்தது. ஆயினும் அந்தக் கட்டுரைகளில் தண்டனைப் பேச்சு இல்லை. பாதிக்கப்பட்ட ஊரையெல்லாம் பாவ ஊர் என்று முடிவுகட்டுவதை அவர் கண்டித்தார். பூமி மனிதனின் வசதிக்காக மட்டும் அமைந்ததன்று. அதன் விதிகளை அறிந்து அதற்கேற்ப வாழ வேண்டியவன் மனிதனே என்பது அவர் நிலைப்பாடு.

தத்துவ அறிஞர்கள் எழுதிக்கொண்டிருக்க, லிஸ்பனில் செயலில் இறங்கியவர் அமைச்சர் கார்வாலோ. பின்னாளில் பொம்பல் பிரபு என்று பெயர் பெற்றவர் இவரே. இவரைப் பற்றிச் சற்றுத் தங்கிப் பேச வேண்டும். மன்னர் முதலாம் ஜோசே சுவர்களுக்கு நடுவே உறங்கவே அஞ்சிக் கூடாரத்தில் வாழ்ந்தார். அமைச்சரோ பிணங்களை விரைந்து அகற்றவும், உணவு விலை ஏறாமல் காக்கவும், கொள்ளையர்களைத் தூக்கிலிடவும் அடுத்தடுத்து ஆணை பிறப்பித்தார். ஏறத்தாழ எண்பது வயதை எட்டிய மனுவேல் ட மாயா என்ற படைப் பொறியாளர் புது நகருக்குத் திட்டம் வரைந்தார். அகன்ற நேர்த் தெருக்கள் அமைந்தன. சுவருக்குள்ளே ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிணைத்த மரச்சட்டங்களை வைத்துக் கட்டினர். அந்த அமைப்புக்குப் போர்த்துகீசிய மொழியில் ‘கூண்டு’ என்றே பெயர். மாதிரி அமைத்து அதைச் சுற்றிப் படைவீரர்களை நடைபோடச் செய்து, அதிர்வைத் தாங்குகிறதா என்று சோதித்ததாகச் சொல்வர். அந்தக் கட்டடங்களில் பல இன்றும் லிஸ்பனின் நடுப்பகுதியில் நிற்கின்றன.

இதைவிட என்னைக் கவர்ந்தது ஒரு வினாத்தாள். நாடெங்கும் உள்ள பங்குக் குருமார்களுக்கு அரசு கேள்விகள் அனுப்பியது. அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எத்திசையில் வலுவாக இருந்தது? எத்தனை வீடுகள் இடிந்தன? எத்தனை பேர் இறந்தனர்? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? நிலத்தில் பிளவு உண்டானதா, அதிலிருந்து ஏதேனும் வெளிப்பட்டதா? இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். ‘உங்கள் ஊரார் என்ன பாவம் செய்தனர்’ என்ற கேள்வி அதில் இல்லை. மறுமொழிகள் லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. இன்றைய நிலநடுக்க ஆய்வாளர்கள் 1755ஐப் பற்றிக் கணிக்கும்போது அவற்றையே புரட்டுகின்றனர். பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்த அதே குருமார் கையால்தான் அந்த விவரங்கள் எழுதப்பட்டன என்பது சுவையான முரண்.

ஆனால், பொம்பலை அறிவொளியின் நாயகன் என்று நான் பாராட்ட மாட்டேன். வீடு கட்டுவதைவிட மன்றாட்டே முதன்மை என்று எழுதிய மலக்ரிடா முதலில் லிஸ்பனிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1758இல் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியைச் சாக்கிட்டு அவர் சிறைப்பட்டார். எழுபது வயதைக் கடந்து, சிறையில் மனம் பேதலித்திருந்த அம்முதியவர், 1761 செப்டம்பரில், பொம்பலின் தம்பி தலைமை தாங்கிய சமய நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி கழுத்து நெரிக்கப்பட்டு, உடல் தீயிலிடப்பட்டது. மூடநம்பிக்கையை எதிர்த்தவர் தமக்கு வேண்டும்போது சமய நீதிமன்றத்தையே கருவியாக்கிக்கொண்டார். பாதிரியார்களைச் சாடுவதில் யாருக்கும் சளைக்காத வால்டேரே இந்தத் தண்டனையைக் கண்டு அருவருத்து எழுதினார்.

கடவுளைப் பற்றிய எண்ணம் மாறியபோது வரலாற்றைப் பற்றிய எண்ணமும் உடன் மாறியது. 1681இல் பிரெஞ்சு ஆயர் பொசுவே ஓர் உலக வரலாறு எழுதியிருந்தார். மன்னர் பதினான்காம் லூயியின் மகனுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் அவர். மாணவனுக்காகவே எழுதிய நூல் அது. படைப்பில் தொடங்கி, யூதர், கிரேக்கர், உரோமர் வழியாகத் திருச்சபையில் வந்து சேரும் ஒரே நேர்க்கோடு. பேரரசுகள் எழுவதும் வீழ்வதும் கடவுளின் திட்டம். சீனத்துக்கு அதில் இடமில்லை. லிஸ்பன் கவிதை வந்த அதே 1756இல் வால்டேர் தம்முடைய உலக வரலாற்றை வெளியிட்டார். அது சீனத்தில் தொடங்குகிறது. அடுத்து இந்தியாவைப் பேசுகிறது. அரசர்களின் போரைவிட மக்களின் பழக்கவழக்கம், வணிகம், கலை ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. வரலாற்றை நடத்துவது மனிதர்களின் அறிவும் மடமையும். வானத்திலிருந்து வரும் ஆணை அன்று என்பது அதன் அடிப்படை. அதற்கு முன்பே 1725இல், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் விகோ என்ற பேராசிரியர், மனித சமுதாயத்தை ஆக்கியவர் மனிதரே என்பதால் அதை மனிதர் அறிந்துகொள்ளவும் முடியும் என்று எழுதியிருந்தார். அவரை அன்று படித்தவர்கள் மிகச் சிலர்.

இந்தியாவின் மேல் வால்டேருக்கு இருந்த மதிப்பில் ஒரு வேடிக்கையும் கலந்திருக்கிறது. வேத விளக்கம் என்று சொல்லப்பட்ட ‘எசூர் வேதம்’ என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் படி ஒன்று 1760இல் அவர் கைக்குக் கிடைத்தது. கிறித்துவ மதத்துக்கு முந்திய தூய இந்திய ஞானம் என்று நம்பி, அதை அரச நூலகத்தில் சேர்த்தார். உண்மையில் அது தென்னிந்தியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இயேசு சபையினர் மதமாற்றத்திற்காக எழுதியது என்பதே அறிஞர்களின் முடிவு. அவர்களின் தலைமையிடம் புதுச்சேரி. தாம் ஓயாமல் எதிர்த்த பாதிரியார்கள் எழுதியதையே அவர்களுக்கு எதிரான சான்றாக வால்டேர் ஏந்தித் திரிந்தார்.

கடவுளின் திட்டம் வரலாற்றிலிருந்து வெளியேறிய இடம் காலியாகவே இருந்துவிடவில்லை. 1784இல் காண்ட், மனிதர்களின் தன்னலமும் சச்சரவுமே அவர்களை மெல்ல மெல்ல ஒழுங்கான சமுதாயத்தை நோக்கித் தள்ளுகின்றன என்று எழுதினார். ஹெகல் 1822 முதல் பெர்லினில் ஆற்றிய உரைகளில் வரலாறு முழுவதையும் பகுத்தறிவின் பயணமாகக் காட்டினார். அந்தப் பயணம் கிழக்கே தொடங்கி மேற்கே, ஐரோப்பாவில் வந்து முடிகிறது! ஆசிய நாடுகள் குழந்தைப் பருவத்தில் நின்றுவிட்டவை. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை. பொசுவேயின் நேர்க்கோடு புதிய பெயரில் திரும்பிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. பிற நாடுகளை ஆள்வது தங்கள் கடமை என்று ஐரோப்பியர் சொல்லிக்கொள்ள இத்தகைய கருத்துகள் துணை நின்றன. குடியேற்ற ஆட்சியின் கீழ் இந்த நாட்டுக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இதைக் கவனிக்காமல் விட முடியாது.

இனி, நமக்கு மிக நெருக்கமான மூன்றாவது கேள்வி. மனிதன் பிறப்பிலேயே எப்படிப்பட்டவன்? கிறித்துவ மரபில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகஸ்டின் வகுத்த விடை ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்தது. முதல் மனிதன் செய்த பாவம் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிலும் தொடர்கிறது என்பது அது. தாயின் பாலை வேறொரு பிள்ளை குடிப்பதைக் கண்டு முகம் வெளுத்து முறைக்கும் கைக்குழந்தையை அவர் சான்றாகக் காட்டுகிறார். கூர்ந்த கவனிப்புதான், இரண்டு பிள்ளை பெற்ற எந்தத் தாயும் இதை மறுக்க மாட்டார். ஆனால் அதைப் பாவம் என்று பெயரிட்டால் அதற்கு மருந்து பிரம்பு என்றாகிவிடும். பல நூற்றாண்டுகள் ஐரோப்பியப் பள்ளிகளில் பிரம்பு ஓங்கியிருந்ததற்கு இந்நம்பிக்கையும் துணையாக இருந்தது.

ஆங்கில அறிஞர் ஜான் லாக் 1693இல் வெளியிட்ட கல்வி நூலில், மனிதர்களிடையே காணும் வேறுபாட்டின் பெரும்பகுதி கல்வியால் வருவது என்றார். அடித்துக் கற்பிப்பது அடிமை மனத்தையே உண்டாக்கும். விளையாட்டைப் போல் கற்பிக்கலாம் என்றார். 1762இல் ரூசோ ‘எமீல்’ என்ற நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். மனித உள்ளத்தில் பிறவிக் கோணல் என்று ஒன்று இல்லை. தீமை வெளியிலிருந்து நுழைகிறது. எந்த வழியாக நுழைந்தது என்று தேடிப் பார்க்கலாம் என்றார். லிஸ்பனைப் பற்றி அவர் சொன்னதும் இதுவும் ஒரே எண்ணத்தின் இரு முகங்கள். இடிந்த வீட்டுக்குக் காரணம் கேட்டால் கட்டியவரைப் பார்; கெட்டுப்போன பிள்ளைக்குக் காரணம் கேட்டால் வளர்த்தவரைப் பார்.

பாரிஸ் உயர்நீதிமன்றம் ஜூன் மாதத்தில் அந்நூலைத் தீயிடச் செய்து, ரூசோவைக் கைது செய்ய ஆணையிட்டது, அவர் தப்பியோடினார். அவர் பிறந்த ஜெனீவாவிலும் நூல் எரிக்கப்பட்டது. ஆகஸ்டில் பாரிஸ் பேராயர் வெளியிட்ட கண்டனத்தில், பிறவிப் பாவத்தை மறுப்பது முதன்மையான குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஒரு கல்வி நூலுக்கு இவ்வளவு எதிர்ப்பு ஏன் என்று வியக்கலாம். குழந்தை குற்றமற்றது என்றால், குற்றத்தைக் கழுவும் திருச்சபைக்கும் அடக்கி ஆளும் அரசுக்கும் என்ன வேலை என்ற கேள்வி எழுமல்லவா? அதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டனர்.

குழந்தையின் மேன்மையைப் பாடிய இதே ரூசோ, தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் ஆதரவற்றோர் விடுதியில் விட்டவர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருத்தளவிலும் மறுப்பு எழுந்தது. ரூசோவை மிகவும் மதித்த காண்ட், 1793இல், மனித இயல்பின் வேரிலேயே தீமையை நாடும் ஒரு சாய்வு உண்டு என்று எழுதி நண்பர்களைத் திகைக்க வைத்தார். ஆனால் அதை ஆதாம் விட்டுச் சென்ற கடனாக அவர் கருதவில்லை. ஒவ்வொருவரும் தாமே தேர்ந்துகொள்வது, ஆகவே தாமே பொறுப்பேற்க வேண்டியது என்றார். நம் திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் இருப்பதை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்த இழுபறி அயலாகத் தோன்றாது.

பொசுவே, லாக், ரூசோ, காண்ட், ஹெகல் ஆகிய ஐவரும் வாழ்வின் ஏதோ ஒரு காலத்தில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் என்பதை இக்கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும்போதுதான் கவனித்தேன். ரூசோ அந்த வேலையில் ஓராண்டுதான் தாக்குப்பிடித்தார்.

கடைசியாக லிஸ்பனைப் பற்றி இன்னொரு செய்தி. 1759இல் பொம்பல் இயேசு சபையினரை நாட்டைவிட்டே வெளியேற்றியபோது, அவர்கள் நடத்திய பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அரசே ஏற்க வேண்டியதாயிற்று. அரசு ஆசிரியர்களை அமர்த்தியது. ஆனால் சம்பளத்திற்குப் பணமில்லை. 1772 நவம்பரில் புதிய வரி ஒன்று விதிக்கப்பட்டது. திராட்சை மதுவுக்கும் சாராயத்துக்கும் காடிக்கும் விதித்த அந்த வரிப்பணத்தில்தான் போர்த்துகல் முழுவதும் எழுத்தும் கணக்கும் கற்பித்த ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.